ட்ரக்டருக்குப் பின்னால என்ன கொழுவுறது?

போன வருசம் சித்தப்பா ஒரு சின்ன ட்ரக்டர் வாங்கினார். பழையது, முப்பது குதிரைவலுவுக்குக் கொஞ்சம் குறைவு. வன்னியில மூன்று ஏக்கர் வயலும், கச்சானும் உழுந்தும் போடுகிற ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் வைத்திருக்கிற ஆளுக்கு அது போதும். மெசினைப் பற்றி வீட்டில் ஒரு சண்டையும் வரவில்லை. சண்டை வந்தது, அதற்குப் பின்னால என்ன கொழுவுறது என்பதில்தான்.

விற்ற ஆள் ரொட்டவேட்டர் எடுங்கோ எண்டார். பக்கத்துக் காணிக்காரர் ஒன்பது கொழுக் கலப்பைதான் உலகம் எண்டார். சித்தி, "முதல்ல பெட்டி வாங்குங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" எண்டா. கனடாவில இருக்கிற மாமா, முன்னால வாளி பூட்டி மண் அள்ளுகிற வீடியோ ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எல்லாத்துக்கும் காசில்லை. "நீ பாத்துச் சொல்லு" என்று வேலை என் தலையில் வந்து விழுந்தது. விலை பார்க்கப் போன நான், ட்ரக்டரின் வரலாற்றுக்குள் போய் மூன்று கிழமை வெளியில் வரவில்லை.

ட்ரக்டரின் கதையை எல்லாரும் எஞ்சினில் இருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு இப்போது அது பிழையான இடமாகத் தெரிகிறது. எஞ்சின் இழுக்கும், சுற்றும், அவ்வளவுதான். காணியில் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பின்னால் இருக்கிற இரும்பு.

1917 இல் போர்ட்சன் ட்ரக்டர் வந்தபோது, அதற்குப் பின்னால் கலப்பையைக் கட்டி இழுத்தார்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் கட்டினமாதிரியே. மாடு இழுக்கும்போது கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் மாடு நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. பின்சில்லு அசைய முடியாமல் நிற்க, ட்ரக்டரின் முன்பக்கம் மேலே எழும்பி, அப்படியே பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுகிற ஆளின் மேல் விழும். இப்படிக் கனபேர் செத்திருக்கிறார்கள். போர்ட்சன் இதற்குப் பெயர்போனது.

அதே 1917 இல், உலகப்போர் உணவுத் தட்டுப்பாட்டுக்கு நடுவில், அயர்லாந்தின் விவசாயச் சபை ஹரி பெர்குசன் என்பவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: நாட்டில் இருக்கிற ட்ரக்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார். பெர்குசன் கராஜ்காரர். 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டிய விமானத்தில், அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்த மனிதரும் அவர்தான். தன் மெக்கானிக் வில்லி சான்ட்ஸோடு வயல் வயலாகப் போய்ப் பார்த்துவிட்டு அவர் வந்த முடிவு, பிழை ட்ரக்டரில் இல்லை, ட்ரக்டரும் கலப்பையும் இரண்டு தனிச் சாமான்களாக இருப்பதில்தான் என்பது.

அந்தப் பிழையைத் திருத்த அவருக்குக் கிட்டத்தட்ட இருபது வருசம் போனது. இன்றைக்கு எந்த ட்ரக்டரின் பின்பக்கம் போய் நின்று பார்த்தாலும் அவருடைய விடை தெரியும்: கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. மண்ணுக்குள் கலப்பை இழுபடும்போது, கீழ்க்கைகள் இரண்டும் பின்னுக்கு இழுபடும். கலப்பையின் மேற்பகுதியோ முன்பக்கம் சரியப் பார்க்கும். அந்தச் சரிவு மேற்கை வழியாக ட்ரக்டரை முன்னுக்குத் தள்ளி, முன்சில்லை நிலத்தில் அழுத்தி வைத்திருக்கும். முன்பு ஆளைக் கொன்ற அதே விசை, இப்போது ட்ரக்டரை நிலத்தில் பிடித்து வைக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. மேற்கை தள்ளுவதை ஒரு சுருள்வில் உணரும். மண் இறுகினால் ஹைட்ரோலிக் கலப்பையைச் சற்று உயர்த்திவிடும், அப்போது கலப்பையின் பாரம் பின்சில்லில் ஏறும், சில்லு வழுக்காது. அதனால்தான் ஒரு தொன்னுக்குச் சற்று மேலே நிறையுள்ள சின்ன மெசினால், அதைவிடப் பாரமான மெசின்களின் வேலையைச் செய்ய முடிந்தது. சித்தப்பாவினுடையது போன்ற சின்ன ட்ரக்டர்களின் வம்சம் இங்கேதான் தொடங்குகிறது.

1936 இல், டேவிட் பிரவுனின் தொழிற்சாலையோடு சேர்ந்து, இந்த ஏற்பாட்டோடு ஒரு ட்ரக்டரை விற்பனைக்கு விட்டார். விலை 224 பவுண். நல்ல மெசின். ஆனால் வாங்கிய விவசாயி வீட்டில் இருந்த பழைய கலப்பை ஒன்றையும் அதில் கொழுவ முடியாது, பெர்குசனின் கலப்பையையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். சுமார் 1,350 மெசின்தான் விற்றது. ட்ரக்டருக்குக் காசு சேர்த்துவிட்டு, பின்னால் வருகிறதுக்குக் காசில்லாமல் நிற்கிற பிரச்சினை சித்தப்பாவோடு தொடங்கினது இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938 இல் பெர்குசன் அமெரிக்கா போய் ஹென்றி போர்ட்டின் பண்ணையில் மெசினை ஓட்டிக் காட்டினார். இரண்டு பேரும் கை குலுக்கி, எழுத்தில் ஒன்றுமில்லாமல் ஒப்பந்தம் செய்தார்கள். 1939 இல் போர்ட்–பெர்குசன் 9என் வந்தது, பெருமளவில் விற்றது. கிழவன் போர்ட் ஒதுங்க, பேரன் கைகுலுக்கலை மதிக்கவில்லை. வழக்கு. 1952 இல் பெர்குசனுக்கு 92.5 லட்சம் டொலர் கிடைத்தது. அடுத்த வருசம் அவருடைய கம்பனி மெசி–ஹாரிஸோடு சேர்ந்தது. எங்கட ஊரில் "மெசி" என்று சொல்கிறோமே, அதன் மற்றப் பாதிப் பெயர் இந்த மனிதருடையது. காப்புரிமைகள் காலாவதியான பிறகு, மூன்று கைகளும் உலகம் முழுக்கப் பொது அளவாகிவிட்டன. சித்தப்பாவின் மெசின் அளவுக்குக் கீழ்க்கை ஆணி 22 மில்லிமீற்றர். எந்தக் கம்பனிக் கலப்பையும், ஊர்க் கம்மாலையில் ஒட்டினதும் பூட்டலாம்.

ரொட்டவேட்டரின் ஊர் வேறு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கில்கண்ட்ரா என்ற இடத்துப் பண்ணைப் பொடியன் கிளிபர்ட் ஹவார்ட் 1912 இல் சுழலுகிற கத்தியால் மண்ணைக் கிண்டிப் பார்த்தான். நேர்க்கத்தி மண்ணைப் பக்கத்துக்கு வீசியது. நுனியை மடக்கிய கத்தி சரிவந்தது. இன்றைக்கும் ரொட்டவேட்டரின் கத்தி அந்த வடிவம்தான். ட்ரக்டரின் பின்பக்கத்தில் நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிற தண்டு பொதுவானதும், அது எந்த மெசினிலும் ஏறிவிட்டது.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். நாங்கள் இரண்டு சில்லு மெசின் எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்கிறோம், அது ஜப்பானில் இருந்து வந்தாலும் சீனாவில் இருந்து வந்தாலும். அது உண்மையில் ஒரு கம்பனிப் பெயர். 1950களில் அந்த மெசினை வடிவமைத்தவர் ரே விஜேவர்தன என்ற இலங்கையர், கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர். உற்பத்தி நடந்தது இங்கிலாந்தின் நொட்டிங்காம் பக்கம். எருமை மாடு இறங்கி மிதிக்கிற சேற்று வயலுக்குச் சின்ன மெசின் வேண்டும் என்பது அவருடைய யோசனை. அது வென்றது. இரும்புச் சில்லைப் பூட்டிச் சேற்றில் இறக்கலாம், பலகை அடிக்கலாம், எஞ்சினில் பெல்ட் போட்டுத் தண்ணி இறைக்கலாம்.

இந்த இடத்தில்தான் நான் மூன்று கிழமை மாட்டிக்கொண்டேன். 1960களில் விஜேவர்தன ஹார்வர்டில் தன் மெசினைப் பற்றிப் பேசப் போனார். அங்கே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியை அவரே பிறகு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: நீங்கள் விவசாயத்தை இயந்திரமாக்கினீர்களா, எருமையை இயந்திரமாக்கினீர்களா? கேள்வி அவருக்கு உடனே விளங்கவில்லை, பிறகு விடவும் இல்லை. எருமை பால் தரும், சாணம் தரும், கன்று போடும். லாண்ட்மாஸ்டர் டீசல் குடிக்கும். பெர்குசன் இதே கணக்கை மறுபக்கமாகப் போட்டவர்: குதிரை வேலையில்லாத நாளிலும் தின்னும், ட்ரக்டர் தின்னாது என்று. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் குளிர் நாட்டில், குதிரைக்குத் தீனி விளைவிக்கவே நிலம் ஒதுக்கவேண்டிய இடத்தில் நின்று கணக்குப் போட்டார். மற்றவர், எருமை குளக்கரையில் மேய்கிற நாட்டில் நின்று.

விஜேவர்தன இன்னும் ஒரு படி உள்ளே போனார். நாங்கள் ஏன் உழுகிறோம்? அயர்லாந்தில் மண்ணைப் புரட்டினால் களை அமுங்கும், குளிர்ந்த மண் சூடாகும். எங்கட மேட்டுக்காணியில் ஏற்கனவே சூடு கூட. புரட்டி வெறுமையாக விட்ட மண்ணில் வெயில் ஈரத்தைக் குடிக்கும், மாரி மழை மேல்மண்ணைக் கொண்டு போய்விடும். 1970களில் நைஜீரியாவின் இபடானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலை செய்தது உழாமல் பயிர் செய்கிற கருவிகளில்தான். சருகு மூடாக்கைக் குத்தி விதையை இறக்கிக்கொண்டு உருளுகிற ஒரு சில்லு, கையால் தள்ளலாம். ட்ரக்டர் செய்து பெயர் வாங்கிய மனிதர், ட்ரக்டர் தேவைப்படாத கருவி செய்யப் போனார். தன் பிழையை வெளியில் சொல்கிற பொறியியலாளரை எனக்குப் பிடிக்கும். 2010 இல் காலமானார். எங்கட பாடப்புத்தகத்தில் நான் அவரைப் படித்ததாக ஞாபகமில்லை.

ஆனால் வன்னியில் லாண்ட்மாஸ்டருக்கும் ட்ரக்டருக்கும் பின்னால் கனகாலம் கொழுவி இருந்தது கலப்பை இல்லை, பெட்டிதான். 1990களில் பொருளாதாரத் தடை, டீசல் வராது. வந்த கொஞ்ச டீசலை உழவுக்கு விடுவதா, ஆளும் சாமானும் ஏற்ற விடுவதா என்று ஒவ்வொரு வீடும் கணக்குப் பார்த்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணம் வெளிக்கிட்டபோது நாவற்குழிப் பக்கம் பெட்டிகள் ஊர்ந்தன. 2008, 2009 இல் கிளிநொச்சியில் இருந்து கிழக்கே போன ட்ரக்டர்ப் பெட்டிகளில் கூரைத்தகடும் கதவு நிலையும் நெல் மூட்டையும் அதுக்கு மேல கிழவியும் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனார்கள். அப்பப்பாவின் கலப்பை தருமபுரத்தில் இறக்கினது, பிறகு ஒருவரும் காணவில்லை. சித்தி "முதல்ல பெட்டி" எண்டு சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவ வெறும் பாரம் ஏத்துறதைப் பற்றிச் சொல்லவில்லை எண்டு எனக்கு ஆறுதலாகத்தான் விளங்கியது.

2022 இல் டீசல் வரிசையில் கானோடு நின்றவர்களுக்கு ஹார்வர்ட் கேள்வியை விளக்கத் தேவையில்லை. கட்ட எருமையும் இல்லை, ஊற்ற டீசலும் இல்லை.

இனிச் சித்தப்பாவின் காசு. ஒன்பது கொழு நாற்பத்தைந்து குதிரைவலு மெசினின் சாமான், எங்கடதில் பூட்டினால் முக்கும். ஐந்து கொழு போதும். ரொட்டவேட்டர் நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் சில்லுத் தடத்தை மூடுகிற அகலம் கட்டாயம். வயலுக்கு அது நல்லது: ஒரே ஆழத்தில் கிண்டக் கிண்ட அடியில் இறுகுகிற படை, சேற்று வயலில் தண்ணியைப் பிடித்து வைக்கும். அதே இறுகல் கச்சான் காணியில் வேரைத் தடுக்கும், மாவாகிய மேல்மண் முதல் மழைக்கே கட்டிபிடிக்கும். வருசத்தில் சில நாள் வேலைக்கு அதை வாங்குவதைவிட வாடகைக்குப் பிடிப்பது மலிவு. மாமாவின் வாளி, மாமா கனடாவில் பனி அள்ளட்டும்.

இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப உழுந்துக் காணியை உழவேண்டாம் எண்டுறியா?" எண்டார். அரைவாசியை மட்டும் சருகு போட்டு விட்டுப் பாப்பம் எண்டேன். கால்வாசிக்கு ஒத்துக்கொண்டார்.

பழைய பெட்டி ஒன்று முதலில் வந்தது, ஐந்து கொழு பிறகு. பெட்டி வந்த முதல் கிழமை அதில் நெல் ஏறவில்லை. கோயில் திருவிழாவுக்குத் தண்ணித் தாங்கி ஏத்திக்கொண்டு போனார்கள், சித்தி முன்னால ஏறி இருந்தா.