ஃப்யூயல் பம்ப் டேங்குக்குள் போன கதை

கிணத்து மோட்டார் ஓடலைன்னா எங்க ஊர்ல யாரும் முதல்ல மோட்டாரைக் கழட்ட மாட்டாங்க. கரண்ட் வருதா, பியூஸ் போச்சா, ஸ்டார்ட்டர் பிடிக்குதான்னு பார்த்த பிறகுதான் மோட்டார்ல கை வைப்பாங்க. கார் விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். வண்டி நடுவழியில் நின்னா, "பம்ப் போச்சுங்க, மாத்திடலாம்" என்பதுதான் முதல் வார்த்தை. ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்க, பம்ப் இடம் மாறின கதையைப் பார்க்கணும்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியா மேற்கே போனா வண்டலூர். அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டு கார் செய்தது. அந்தக் காரின் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கும். எஞ்சின் சுத்தும்போது ஒரு நெம்புகோல் ஏறி இறங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டை இழுத்துவிடும். பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும். அதில் வயரே கிடையாது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800-லும் இதே ஏற்பாடுதான். ரப்பர் கிழிஞ்சா பெட்ரோல் ஒழுகும். கண்ணுக்குத் தெரியும் கோளாறு.

அதுக்கும் முன்னாடியே மின்சார பம்ப் இருந்தது. மோரிஸ் மைனர் கார்களில் எஸ்.யு. பம்ப் "டிக் டிக்"னு சத்தம் போடும். உள்ளே இருக்கும் காண்டாக்ட் பாயின்ட் கருகினா சத்தம் நின்னுடும். ஒரு தட்டு தட்டினா மறுபடி ஓடும். ஸ்டார்ட்டர் காண்டாக்ட் கருகி அவஸ்தைப்பட்ட விவசாயிக்கு இது புதுசு இல்லை.

பெரிய மாற்றம் எரிபொருளைப் பீச்சும் முறையோடு வந்தது. 1967-இல் ஜெர்மனியின் போஷ் கம்பெனி மின்னணு முறையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. நம்ம பக்கம் அது பரவ முப்பது வருஷம் ஆச்சு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ, 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். 2000 ஏப்ரல் 1-இல் நாடு முழுக்கப் புகை விதி இறுகியது. அடுத்த சில வருஷத்தில் புது கார்களில் கார்புரேட்டர் மறைஞ்சே போச்சு.

பழைய பம்புக்கு நாலஞ்சு பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். பீச்சும் முறைக்கு நாற்பதுக்கு மேல வேணும். அதனால மின்சார பம்பை டேங்குக்குள்ளயே இறக்கிட்டாங்க. கிணத்து மேட்டு மோட்டார் போய் சப்மெர்சிபிள் வந்த மாதிரி. சுத்தி இருக்கிற பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்குது. எப்பவும் ரிசர்விலேயே ஓட்டினா பம்ப் சீக்கிரம் கெடும்.

இங்கேதான் கோளாறின் குணமும் மாறியது. பேட்டரி, பியூஸ், ரிலே, நீளமான வயர், கனெக்டர், பம்ப், கடைசியில் பாடியில் முறுக்கின எர்த். இந்தச் சங்கிலியில் எது விட்டாலும் வண்டி நிக்கும். குத்தவாளி ஆவதோ பம்ப் ஒண்ணுதான்.

கேளம்பாக்கத்தில் உப்பளம் இருக்கிற பூமி இது. கடல்காத்து செம்புக் கம்பியில் களிம்பு ஏத்தும், எர்த் போல்ட்டைத் துரு தின்னும். எங்க சொந்தக்காரர் ஒருத்தரோட இருபது வயசு கார் வெயில் நேரத்தில் மட்டும் நிக்கும். ஒரு பட்டறையில் ரெண்டு முறை பம்ப் மாத்தினாங்க. மறுபடியும் நின்னுச்சு. வண்டியை எடைக்குப் போடலாம்னு கிளம்பிட்டார். கடைசியில் டிக்கிக்குள்ள துருப்பிடிச்ச எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினதும் வண்டி ஓட ஆரம்பிச்சுது.

வரிசையாப் பார்த்தா இது பிடிபடும். சாவியைத் திருப்பினதும் பின்சீட்டுப் பக்கம் ரெண்டு விநாடி "ம்ம்"னு சத்தம் வருதா? எஞ்சின் சுத்தலைன்னா பம்பை நிறுத்திடுறது பாதுகாப்பு ஏற்பாடு, அது கோளாறு இல்லை. சத்தமே இல்லைன்னா பியூஸ். அடுத்து ரிலே, ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலே இருந்தா மாத்திப் போட்டுப் பார்க்கலாம். சில கார்களில் இடிபட்டா பம்பை அறுத்துவிடும் சுவிட்ச் இருக்கும். பள்ளத்தில் விழுந்தாக்கூட விழுந்துடும், அமுக்கிவிட்டாப் போதும்.

எல்லாம் சரின்னா மீட்டர். பம்ப் கனெக்டரைக் கழட்டி அளந்தா 12 வோல்ட் காட்டும், அதை நம்பக்கூடாது. சாயங்காலம் டெஸ்டர் எரியும், மோட்டார் மட்டும் முனகும் இல்லையா, அதே கதை. பம்ப் ஓடும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் பம்ப் எர்த்துக்கும் நடுவில் அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்தில் தடை இருக்கு. பாசிட்டிவ் பக்கமும் அப்படியே. ரெண்டும் சுத்தமா இருந்தும் பம்ப் ஓடலைன்னாதான் பம்ப் செத்துப் போச்சுன்னு அர்த்தம். பெட்ரோல் வாசனை வந்தா எதையும் தொடாம தள்ளி வந்துடுங்க.

பெசன்ட் நகர், திருவான்மியூர்னு கடலை ஒட்டிப் பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். மெக்கானிக் பம்ப் மாத்தணும்னு சொன்னா, "எர்த்துல எத்தனை வோல்ட் காட்டுது அண்ணே?"ன்னு கேளுங்க. அளந்து சொல்றவர்கிட்ட வண்டியைத் தைரியமா விடலாம்.