சொந்த நாட்டுக்குப் போய் மனுப் போடு

சுற்றுலா விசா கேட்பவருக்கு அரசுகள் விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்று பல நாடுகளில் ஏதாவதொரு வடிவில் இருக்கிறது: உன் சொந்த நாட்டிலிருந்து விண்ணப்பம் செய். முதல் தடவை போகிறவருக்கு இதில் சிரமமில்லை. அவர் எப்படியும் வீட்டில்தான் இருக்கிறார். மறுபடி மறுபடி போகிறவருக்குத்தான் இது சுமை. விசா முடிந்ததும் பக்கத்து நாட்டுக்குப் போய், அங்குள்ள தூதரகத்தில் புதிதாக ஒன்று வாங்கித் திரும்ப நினைப்பவரை, கடல் கடந்து வீட்டுக்குப் போய் வா என்கிறது. ஒருவரை நன்றாக விசாரித்தறிய அவருடைய நாட்டிலுள்ள தூதரகத்தால்தான் முடியும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இந்த விதி நடந்து வந்த பாதையைப் பார்த்தால், ஆளைத் தூரத்திலேயே நிறுத்தி வைக்கும் உபாயமாகத்தான் அது பிறந்தது என்று தெரிகிறது. விசாரணை என்ற நியாயம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதன் பச்சையான முன்னோடி கனடாவில் கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிகள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரம் அறுக்கும் ஆலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். 1907இல் வான்கூவரில் ஆசியர்களுக்கு எதிராகக் கலவரமே நடந்தது. கனடா அரசுக்கு ஒரு தர்மசங்கடம்: இந்தியர்களும் பிரிட்டிஷ் முடியின் குடிகள். பெயர் சொல்லித் தடுத்தால் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1908 ஜனவரியில் வந்த ஆணை இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகக் கடந்தது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமையுள்ள நாட்டிலிருந்தோ, புறப்படும் முன்பே வாங்கிய சீட்டோடு, இடையில் எங்கும் தங்காமல் வந்து சேராதவரை இறங்க விடாமல் தடுக்கலாம் என்றது அது. இந்தியா என்ற பெயரே அதில் கிடையாது, தேவையும் இல்லை. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேராகச் செல்லும் கப்பல் இல்லை. முழுத் தூரத்துக்கும் ஒரே சீட்டு விற்றுவந்த கனடியன் பசிபிக் நிறுவனமும் அரசின் சொல்லுக்கு இணங்கி விற்பனையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில், ஆசியாவிலிருந்து வருபவர் கையில் வைத்திருக்க வேண்டிய பணமும் 200 டாலராக உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் 2,000 பேருக்கு மேல் வந்திருந்த இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். ஒருவரைக்கூட யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. 1914 மே 23 அன்று இந்தியர் 376 பேருடன் வான்கூவரை அடைந்த கோமகட்டா மாரு கப்பல் மோதியது இந்தச் சுவரில்தான். குர்தித் சிங் என்ற வணிகர் வாடகைக்கு அமர்த்திய அந்தக் கப்பல் ஹாங்காங்கில் புறப்பட்டு, ஷாங்காய், யோகோஹாமா வழியாக வந்திருந்தது. ஆகவே அதிகாரிகளின் கண்ணில் அது 'நேர்ப் பயணம்' ஆகவில்லை. ஏற்கெனவே கனடாவில் வசித்துத் திரும்பிய சுமார் இருபது பேரை மட்டும் இறங்க விட்டார்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்து, ஜூலை 23 அன்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். செப்டம்பரில் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் கரையிறங்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சுமார் இருபது பேர் இறந்தார்கள். 2016 மே மாதம் கப்பலைத் திருப்பி அனுப்பியதற்காகக் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

குடியேற வந்தவர்களுக்குப் போட்ட விதியைச் சுற்றுலாப் பயணியின் விசாவோடு முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். போடலாம், இரண்டுக்கும் நடுவே முதல் உலகப் போர் இருக்கிறது. அதற்கு முன் மேற்கு ஐரோப்பாவில் பாஸ்போர்ட் இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. போர்க்காலத்தில் ஒற்றர் பயத்தால் வந்த பாஸ்போர்ட்டும் விசாவும் போர் முடிந்த பின்னும் போகவில்லை. 1917இல் அமெரிக்கா, தன் நாட்டுக்கு வருபவர் வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் விசா பெற்றே வர வேண்டும் என்றது. 1924 குடியேற்றச் சட்டம் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கியது. நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவின் கரையில், வந்திறங்குபவர்களுக்கு நடந்துவந்த தேர்வு, கடலுக்கு அப்பாலுள்ள தூதரகங்களின் முகப்புக்கு இடம் மாறியது. இதை இரக்கச் செயல் என்று ஆதரித்தவர்களும் உண்டு. நிலத்தை விற்றுக் கப்பலேறி, நியூயார்க் கரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்படுவதைவிடச் சொந்த ஊரிலேயே 'முடியாது' என்று கேட்பது மேல் அல்லவா என்றார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே சட்டம்தான் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வரவை ஒடுக்கி, ஆசியர்களுக்கு ஏறக்குறைய முழுவதுமாகக் கதவைச் சாத்தியது. இரக்கமும் விலக்கமும் ஒரே மேஜையில் நடந்தன.

விசாரணை என்ற நியாயத்தை உரசிப் பார்க்க இந்தியாவின் அனுபவமே போதும். மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி 2009 அக்டோபரில் சிகாகோவில் பிடிபட்டார். அவர் பலமுறை இந்தியா வந்துபோனது தெரிந்ததும், சுற்றுலா விசாவில் வருபவர் ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மாதம் வெளியே இருக்க வேண்டும் என்று இந்தியா விதித்தது. அடிபட்டவர்கள் யார்? குளிர்காலம் முழுவதையும் திருவண்ணாமலையிலோ கோவாவிலோ கழித்து, கொழும்புக்கோ காட்மாண்டுவுக்கோ போய் விசா புதுப்பித்துத் திரும்பும் பழைய யாத்ரீகர்கள். இந்தியாவோடு இலங்கையையும் சேர்த்துச் சுற்ற வந்த சாதாரணப் பயணிகள். பக்கத்து நாட்டில் இரண்டு மாதம் காத்திருக்க யாரிடம் பணமும் பொழுதும் இருக்கிறது? வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஹெட்லியோ பக்கத்து நாட்டு வழியை நாடியவரே இல்லை. 2006இல் தாவூத் கிலானி என்ற பெயரை மாற்றிக்கொண்டு, தன் நாடான அமெரிக்காவிலேயே இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் முறைப்படி விசா வாங்கியவர். அவரை அறிந்திருக்க வேண்டிய இடம் எதுவோ அங்கேதான் அவர் அறியப்படவில்லை. 2012 டிசம்பரில், பாகிஸ்தான், சீனா உள்ளிட்ட சில நாட்டவர் நீங்கலாக, இந்தியா அந்த இடைவெளியைக் கைவிட்டது. 2014 நவம்பரில் 43 நாட்டவருக்கு இணையவழி அனுமதி தொடங்கியபோது, விண்ணப்பதாரர் எந்த ஊரில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறார் என்பதே பொருட்டில்லாமல் போனது.

சொந்த நாட்டு விதிக்கு ஆதரவான வலுவான வாதம் ஆவணங்களைப் பற்றியது. கோயம்புத்தூர் வங்கிக் கணக்கு அறிக்கையும் வருமான வரிக் கணக்கும் அசலா போலியா என்பதைச் சென்னையில் இருக்கும் அதிகாரி கண்டுபிடிப்பார். பாங்காக்கில் இருப்பவர் திணறுவார். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த வாதம் ஒருவர் வாழும் இடத்தைத்தான் சுட்டுகிறது, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை அல்ல. பதினைந்து வருடமாகத் துபாயில் வேலை பார்ப்பவரின் சம்பளமும் வீடும் துபாயில் இருக்கின்றன. 2010இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஷெங்கன் விசா விதித்தொகுப்பு இதைப் புரிந்துகொண்டு, சட்டப்படி வசிக்கும் இடத்தையே அடிப்படையாக வைத்தது. திரும்பத் திரும்ப வருபவர் விஷயத்தில் அது இன்னும் ஒரு படி போனது. 2024 ஏப்ரல் ஏற்பாட்டின்படி, இந்தியாவில் வசிக்கும் இந்தியர் மூன்றாண்டுகளுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டாண்டுக்கான பலமுறை நுழைவு விசாவும், அதன்பின் பாஸ்போர்ட்டில் காலம் மிச்சமிருந்தால் ஐந்தாண்டு விசாவும் பெறலாம். இங்கே சாட்சி சொல்வது ஒழுங்காக முடிந்த முந்தைய பயணங்கள். சொல்லப்போனால், 1914இல் அந்த இருபது பேரைக் கரையிறக்கியதும் முந்தைய வருகைதான்.

அமெரிக்கா எதிர்த் திசையில் போயிருக்கிறது. 2023இல் இந்திய நகரங்கள் சிலவற்றில் முதல்முறை சுற்றுலா விசா நேர்காணலுக்கு 500 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தபோது, பாங்காக்கில் ஸ்லாட் கிடைக்கும் என்று டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதரகமே அறிவித்தது. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு அந்தக் கதவைச் சாத்தி, குடியுரிமையுள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ மட்டுமே மனுச் செய்யச் சொல்கிறது. நம்மவர் 'டிராப்பாக்ஸ்' என்று சொல்லும் நேர்காணல் விலக்கும், பழைய விசா காலாவதியாகி 12 மாதத்துக்குள் புதுப்பிப்பவருக்கு என்று சுருங்கிவிட்டது. வசிக்கும் நாட்டையும் சேர்த்தவரை இது 1908 ஆணையைவிட நாகரிகமானது. ஆனாலும் வரிசை ஒரு வருடத்துக்கு மேல் நீளும் இடத்தில், அங்கேயே வந்து நில் என்பது மறுப்பதற்குச் சமம். இடத்தைக் கட்டாயமாக்கும் அரசு, அந்த இடத்தில் போதிய அதிகாரிகளையும் அமர்த்தக் கடமைப்பட்டது. அதைச் செய்யாதவரை, சரிபார்ப்பதற்காகவே இந்த விதி என்று அது சொல்வதை நாம் நம்ப வேண்டியதில்லை.