காசு பார்ப்பவர் காரணமும் சொல்ல வேண்டும்

புறநானூற்றின் 125ஆம் பாடல் தேர்வண் மலையனைப் பாடுகிறது. திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மலையமான் குடியில் வந்தவன் அவன். பாடியவர் வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார். பொன்னையும் காசையும் சோதித்து, நல்லது எது, கெட்டது எது என்று சொல்பவரை அக்காலத்தில் வண்ணக்கன் என்றார்கள். காசு பார்க்கும் தொழிலோடு தொடர்புடைய ஒருவர் ஒரு குறுநில மன்னனின் வெற்றியைப் பாடியிருக்கிறார் என்பது பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி. சங்கப் புலவர்களில் அவர் ஒருவர் மட்டுமல்ல. வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று அந்தப் பெயரோடு வருபவர்கள் பலர். ஈரோடு மாவட்டம் அறச்சலூர்க் குகையில் இசை எழுத்துகளைப் பொறித்து வைத்தவனும் தன்னை மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்றே எழுதிக்கொண்டான்.

அந்தத் திருக்கோவலூர்தான் இன்றைய திருக்கோவிலூர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை. ஊரை ஒட்டித் தென்பெண்ணை. மலையமான்கள் வெளியிட்ட செப்புக் காசுகளில் இந்த நிலமே பதிந்திருக்கிறது. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மலையும் ஆறும், ஆற்றில் மீன்களும். அச்சு பெரியது, செப்புத் துண்டு சிறியது என்பதால் ஒரு காசில் குதிரையின் தலை இருக்காது. இன்னொன்றில் கால் இருக்காது. இன்றைய அளவுகோலால் பார்த்தால் இவற்றில் பாதிக்கு மேல் ‘பிழை நாணயம்’தான். அன்று அதை யாரும் பிழை என்று நினைத்திருக்க மாட்டார்கள். உலோகம் சரியா, எடை சரியா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவரை எப்படி நம்புவது? இதற்குத் தமிழ்நாட்டில் எழுத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான விடை உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் அறிவார்கள். அதே ஊரின் இன்னொரு கல்வெட்டு, ஊரில் புழங்கும் பொன்னைப் பார்த்துச் சொல்ல யாரைத் தேர்ந்தெடுப்பது என்று விதிக்கிறது. வரி செலுத்துவோரில் பொன் பார்க்கத் தெரிந்தவர்களின் பெயரைக் குடவோலையில் இட்டு எடுக்க வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பார்க்க வேண்டும். உரைகல்லில் படியும் பொன்னை ஒற்றி எடுக்கும் மெழுகைக்கூட அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதை ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஊரார் எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். தீர்ப்புச் சொல்கிறவர் அந்தத் தீர்ப்பால் ஒரு பொட்டுப் பொன்கூட ஆதாயம் அடையக் கூடாது. உரைகல்லில் விழுந்த கோடு பொன்னுக்கு உடையவர் கண்ணெதிரே இருக்கும்; சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்கலாம்.

இந்த ஒழுங்கு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி தென்னாற்காட்டை எடுத்துக்கொண்டபோது புழக்கத்தில் இருந்த வராகன்களும் பணங்களும் ஒரு வகையல்ல. சென்னையின் நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. கடலோரத்தில் புழங்கிய பரங்கிப்பேட்டை வராகன் மாற்றுக் குறைந்தது. அதற்கு மதிப்பும் குறைவு. எந்தக் காசுக்கு எவ்வளவு வட்டம், அதாவது மதிப்புக் குறைப்பு, கழிப்பது என்று சொன்னவர் சராப்பு. நோட்டக்காரர் என்றும் அவரைச் சொன்னார்கள். தரையில் சுண்டி ஓசை கேட்பார், விரலால் தடவுவார், சில காசுகளில் தன் முத்திரையைக் குத்துவார். நிலவரி கட்ட வந்த குடியானவருக்கு அவர் சொன்னதே முடிவு. எதிர்த்துக் கேட்க இன்னொரு நோட்டக்காரர் இல்லை. ஏரி வாரியத்துக்கு மெழுகு கொடுத்த ஊர், வட்டத்தைக் கழித்துக்கொண்டு கொடுத்ததை வாங்கிப் போகும் ஊராக மாறியது. 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது; 1835இல் நாடு முழுக்க ஒரே ரூபாய் வந்தது. சராப்பின் அதிகாரம் சுருங்கினாலும் அந்தப் பெயர் கருவூலங்களில் நெடுநாள் இருந்தது.

சராப்பு குத்திய முத்திரை அன்று ‘இது நல்ல காசு’ என்பதற்குச் சாட்சி. அதே முத்திரையைப் பின்னாளில் சேகரிப்பாளர்கள் நீண்ட காலம் சேதமாகவே எண்ணினார்கள்.

காசு பார்க்கும் தொழில் அமெரிக்காவில் வேறொரு வடிவம் எடுத்தது. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செப்புச் சென்டுகளுக்காக 70 வரை போகும் ஓர் அளவுகோலை வகுத்தார். 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற நிறுவனங்கள் காசைப் பார்த்துத் தரம் சொல்லி, எண்ணும் பெயரும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கத் தொடங்கின. சேகரிப்பாளர்கள் அந்த உறையை ‘ஸ்லாப்’ என்கிறார்கள். போலிகளால் நொந்துபோயிருந்த சந்தைக்கு இது பெரிய உதவி. அதை மறுக்க முடியாது. ஆனால் உறைமேல் இருப்பது முடிவு மட்டும். எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. பிழை நாணயம் வைத்திருப்பவருக்கும் நிறுவனத்துக்கும் வரும் சண்டைகளின் வேர் இதுதான்.

பிழை நாணயத்தில் கேள்வி தரத்தைப் பற்றியது அல்ல. இது அக்கசாலைக்குள் நடந்ததா, வெளியே யாரோ செய்ததா என்பதே கேள்வி. அதிகாரபூர்வமான வாய் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதில்லை. 1943இல் அமெரிக்கா போருக்காகச் செம்பை மிச்சப்படுத்தி, துத்தநாகம் பூசிய எஃகில் சென்டு அடித்தது. 1947இல் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளி மாணவர், சாப்பாட்டுக்குக் கொடுத்த காசின் மீதியில் 1943 என்று ஆண்டிட்ட செம்பு நிறச் சென்டு ஒன்றைக் கண்டார். கருவூலத் துறைக்கு எழுதினார். 1943இல் செப்புச் சென்டே அடிக்கவில்லை என்று பதில் வந்தது. அவர் அதை விற்கவில்லை, வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். பின்னர் அது உண்மையான நாணயம் என்று உறையிடப்பட்டு, 2019 ஜனவரி ஏலத்தில் 2,04,000 டாலருக்குப் போனது. 1943இன் தொடக்கத்தில் பழைய செப்பு வில்லைகள் சில இயந்திரத்துக்குள் தங்கி அச்சேறிவிட்டன என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம். தீர்ப்பே வராத கதையும் உண்டு: பின்புறத்தில் பழைய கோதுமைக் கதிர் வடிவத்தோடு வந்த 1959 டென்வர் சென்டை, போலி என்று யாரும் நிறுவவில்லை, தர நிறுவனங்களோ உண்மை என்று சான்று தரவும் முன்வரவில்லை.

பிழைகளுக்கு ஒரு தருக்கம் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கலாம். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் உருவத்தை உள்வாங்கலாக, இடவலம் மாறிப் பதிப்பது ‘புரோக்கேஜ்’. இந்திய வியாபாரிகள் இதை ‘லாக்கி’ என்கிறார்கள்; லட்சத்தில் ஒன்று வரும் என்ற நம்பிக்கை. அசல் புரோக்கேஜில் மறுபக்கம் கூர்மையாக இருக்கும். இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெருக்கியிருந்தால் மறுபக்கம் நசுங்கித் தட்டையாகும். விளிம்பில் துண்டு வெட்டுண்ட காசு அசலானால், அந்த வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருப்பது வழக்கம்; விளிம்பை எழுப்பும் எந்திரத்தில் அந்த இடத்துக்கு எதிர் அழுத்தம் கிடைக்காததுதான் காரணம். அரத்தால் அறுத்த காசில் பெரும்பாலும் அது இருக்காது. எடை, விளிம்பு, உருப்பெருக்கிப் படம், அதே ஆண்டு வெளியான வழக்கமான காசு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து வாதாடும் சேகரிப்பாளரின் பேச்சுக்கு நிறுவனமும் காது கொடுத்தாக வேண்டும்.

அதிகாரபூர்வமாக அறிவித்தாலும் மக்கள் ஏற்பதில்லை என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, 14 வடிவங்களிலும் வந்தவை எல்லாம் செல்லும் என்று அறிவித்தது. ஆனாலும் 2022இல் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் அரூரைச் சேர்ந்த ஓர் இளைஞர், இந்த நாணயம் செல்லும் என்று காட்டவே, சேர்த்து வைத்த பத்து ரூபாய் நாணயங்களில் சுமார் 6 லட்சம் ரூபாயைக் கொடுத்துச் சேலத்தில் கார் வாங்கினார்.

மலையமான் காசுக்கு உறையும் கிடையாது, ரிசர்வ் வங்கி அறிவிப்பும் கிடையாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தர நிறுவனங்கள் இருக்கும் புளோரிடாவுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ அனுப்பி உறையிட்டு வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அனுப்ப முடிந்தாலும் பழங்கால நாணயத்தின் உண்மைத்தன்மைக்கு உத்தரவாதம் தருவதில்லை என்று என்ஜிசி தானே முன்பு அறிவித்திருந்தது. இங்கே தீர்ப்பு வேறு வழியில்தான் வந்தது. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரைக்கு மேலே தமிழ்-பிராமியில் ‘மலையமான்’ என்று பொறித்த காசைப் படத்தோடு அச்சில் வெளியிட்டார். அந்த வாசிப்பை ஏற்காதவர் அதே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக மறுத்து எழுதலாம்.