பெருந்தொகை வந்ததும் வங்கிக் கணக்கு முடங்குவது ஏன்? இணையவழி விற்பனையாளர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: இணையவழியில் பொருள் விற்போரின் கணக்கில் திடீரெனப் பெருந்தொகை வரவாகும்போது, அக்கணக்கு முழுமையாகவோ பகுதியாகவோ முடக்கப்படுவது உண்டு. சரக்கை அனுப்பிவிட்ட பிறகு இவ்வாறு நேர்ந்தால், விற்பனையாளருக்குப் பொருளும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலை உருவாகிறது. தொகையின் அளவு மட்டுமே இதற்குக் காரணமன்று. அது யாருடைய பணம், எதற்காக வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாததே சிக்கலைப் பெரிதாக்குகிறது.

முடக்கம் எவ்வாறு நிகழ்கிறது?

இது இரு வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, வங்கியே மேற்கொள்ளும் நடவடிக்கை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இன்படி, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளை வங்கிகள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தெரிவித்த தொழிலுக்கும் வருமானத்துக்கும் பொருந்தாத வரவுகள் இந்தக் கண்காணிப்பில் சிக்குகின்றன.

இரண்டாவது, காவல் துறையின் நடவடிக்கை. இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணிலோ, தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ புகார் அளித்தால், அப்பணம் சென்ற கணக்குகள் ஒவ்வொன்றாகத் தொடரப்படுகின்றன. மோசடிப் பணத்தைக் கொண்டு ஒருவர் பொருள் வாங்கியிருந்தால், நேர்மையான விற்பனையாளரின் கணக்கும் இதில் சிக்கக்கூடும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

* தொழில் வரவுகளைத் தனிப்பட்ட சேமிப்புக் கணக்கில் பெறாமல், தொழிலின் பெயரில் தொடங்கிய நடப்புக் கணக்கில் பெறுவது நல்லது.

* கேஒய்சி விவரங்கள், பான் எண், முகவரி, தொழிலின் தன்மை ஆகியவற்றை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

* வழக்கத்தைவிடப் பெரிய தொகை வரவிருந்தால், வங்கிக் கிளைக்கோ பணம் பெற்றுத்தரும் இணைய நிறுவனத்துக்கோ விலைப்பட்டியலுடன் முன்னதாகவே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கலாம்.

* யுபிஐ மூலம் தனிநபர்களிடையே பொதுவாக நாளொன்றுக்கு ரூ.1 லட்சம் வரை மட்டுமே அனுப்ப இயலும். ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் எனில் ஆர்டிஜிஎஸ் முறையைப் பயன்படுத்தலாம். 2020 டிசம்பர் முதல் இது 24 மணி நேரமும் செயல்படுகிறது.

* கண்காணிப்பைத் தவிர்க்கும் எண்ணத்தில் ஒரே தொகையைப் பல சிறு தவணைகளாகவோ பலரின் கணக்குகள் வழியாகவோ பெறக் கூடாது. அதுவே சந்தேகத்துக்கு வழிவகுக்கும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

வாங்குபவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் வேறுபட்டால், சரக்கை அனுப்பும் முன் விளக்கம் கேட்க வேண்டும். கூடுதலாக அனுப்பிவிட்டதாகக் கூறி, மீதியை வேறொரு கணக்குக்குத் திருப்பி அனுப்பக் கோரினால் இணங்கக் கூடாது. பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, அதற்கே வங்கி வழியாகத் திருப்பி அனுப்புவதுதான் பாதுகாப்பானது.

கணக்கு முடங்கிவிட்டால்?

எந்தப் புகாரின் பேரில், எந்தக் காவல் நிலையத்தின் கோரிக்கையால், எவ்வளவு தொகைக்கு முடக்கம் விதிக்கப்பட்டது என்பதை முதலில் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் விலைப்பட்டியல், சரக்கு அனுப்பிய ரசீது, வாங்குபவருடனான உரையாடல் பதிவு ஆகியவற்றை விசாரணை அதிகாரியிடம் அளிக்கலாம்.

புகாருக்குரிய தொகைக்கு மட்டுமே முடக்கம் பொருந்த வேண்டும் என்ற நிலைப்பாட்டை கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் எடுத்துள்ளன. எனவே, எஞ்சிய தொகையைப் பயன்படுத்த அனுமதி கோரி மனு அளிக்கலாம்.

வங்கியின் சேவைக் குறைபாடு குறித்த புகாருக்கு 30 நாள்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். காவல் துறை உத்தரவால் ஏற்பட்ட முடக்கத்துக்கு விசாரணை அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோதான் தீர்வு காண இயலும். இரண்டிலும் விற்பனையாளருக்குக் கைகொடுப்பவை விற்பனை நாளன்றே சேர்த்துவைத்த ஆவணங்களே.