தலைவிதியன்று, பொதுக்கடன்!

நோய் வந்தால் ‘முன்வினை’ என்றனர். செலவு வந்தால் ‘உன் பாடு’ என்றனர்! இரண்டையும் மறுக்கிறது தாம்பரத்தின் வரலாறு.

1928இல் டாக்டர் சௌரி முத்து அங்குக் காசநோய் மருத்துவமனை நிறுவினார். தனியொருவர் தாங்கிய பாரத்தை 1937இல் அரசு ஏற்றது.

1948இல் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. முதலாளியும் பங்கு தரவேண்டும் என்றது. 2019 முதல் சம்பளத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக்காக அரசே பிரீமியம் கட்டிற்று.

ஆயினும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குப் பங்கு செலுத்தும் முதலாளி எங்கே? குடும்ப வருமானம் வரம்பைச் சற்றே தாண்டினால் அரசுக் காப்பீட்டு அட்டையும் கிட்டாதே!

காசநோய்க் கிருமி வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை; மருத்துவமும் கேட்கலாகாது. இயன்றவர் வரியால் இயலாதவர் உயிர் காப்பது ஈகையன்று, தோழர்களே; உரிமை!