175 ஆண்களுக்குச் சமைத்தவர்கள் எத்தனை பேர்?

1985இல் வெளியான ‘விட்னஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் கதை மறந்துபோனவர்களுக்கும் அதில் ஒரு காட்சி நினைவிருக்கும். பென்சில்வேனியாவின் ஆமிஷ் விவசாயிகள் கூடி ஒரே நாளில் பெரிய மரக் கட்டடம் ஒன்றை எழுப்புவார்கள். தொப்பியணிந்த ஆண்கள் சட்டங்களின்மேல் எறும்புகளைப் போல ஏறியிருப்பார்கள். பெண்கள் கீழே மேசை போட்டு உணவு பரிமாறுவார்கள். அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் கூடிவந்து ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடும் இந்தக் கதை வட அமெரிக்கக் கிராமங்களுக்கு மிகவும் பிடித்த கதை. பொய்யான கதையுமில்லை. ஆனால் அதில் யார் எண்ணப்பட்டார்கள், யார் எண்ணப்படவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கட்டடத்தை ‘பார்ன்’ என்பார்கள். நம் ஊரின் நெற்குதிர், மாட்டுத்தொழுவம், வைக்கோல்போர், களம் நான்கையும் ஒரே கூரைக்குள் வைத்தால் எப்படியிருக்குமோ அதுதான் பார்ன். நான் வசிக்கும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பார்ன்கள் பல சரிவான நிலத்தில் நிற்பவை. கீழே கல்சுவருக்குள் மாடுகளும் குதிரைகளும். மேலே கதிரடிக்கும் தளமும் வைக்கோலும். வீட்டைவிடப் பார்ன் பெரிதாக இருக்கும். பல குடும்பங்கள் நல்ல வீட்டைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று முதலில் நல்ல பார்னைக் கட்டின.

இந்தக் கட்டடங்களின் எலும்புக்கூட்டில் இரும்பு ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, இன்னொரு மரத்தின் துளைக்குள் செருகி, குறுக்கே ஓக் மர ஆணி அடித்து இறுக்குவார்கள். தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த சட்டத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்தியபின், நீண்ட கழிகளால் பலர் ஒன்றாக உந்தி நிறுத்துவார்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் ஊரே வேண்டும். எந்த நாக்கு எந்தத் துளைக்கு உரியது என்று தெரிவதற்குத் தச்சர் இரண்டிலும் உளியால் ஒரே ரோமன் எண்ணை வெட்டிவைப்பார். நேர்க்கோடுகளாலான ரோமன் எண்கள் உளிக்கு எளிது. இந்தக் குறிகளை ஆங்கிலத்தில் ‘கல்யாணக் குறிகள்’ என்றே அழைக்கிறார்கள்.

ஆணியடித்துக் கட்டாததால் பிரிக்கவும் முடியும். மர ஆணியைக் கொட்டாப்புளியால் தட்டி வெளியேற்றினால் மூட்டு கழன்றுவிடும். ஒரு பார்னைப் பிரித்து, மரங்களை எண்ணிட்டு, வேறிடத்துக்குக் கொண்டுபோய் எழுப்புவது அந்தக் காலத்திலேயே நடந்ததுதான். இன்று வயல்கள் வீட்டுமனைகளாகும்போது பழைய பார்ன்களின் முன்னால் இருப்பது இரண்டே வழிகள்: புல்டோசர் அல்லது பிரித்தெடுப்பது. நான் குடியிருப்பதும் ஒருகாலத்தில் வயலாக இருந்த மனையில்தான்.

எங்கள் பகுதியில் அப்படியொரு பார்னை அக்கம்பக்கத்தார் நான்கு வாரயிறுதிகளில் பிரித்தார்கள். நிலம் விற்றாகிவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய உரிமையாளரின் தங்கை மகள் சில கிலோமீட்டர் தள்ளிப் பண்ணை வைத்திருந்தாள். அங்கே அதை எழுப்புவதாக ஏற்பாடு. ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணெழுதிய வில்லையைக் கட்டுவதும் வரைபடத்தில் குறிப்பதும் என் வேலை. நான் வரலாறு படித்தவள் என்று தெரிந்ததும் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. புதிய இடத்தில் சட்டமிட்டு மாட்டுவதற்கு, பார்னின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். குடும்பத்திலிருந்த பழைய தட்டச்சுத் தாள் ஒன்றை ஆதாரமாகக் கொடுத்தார்கள். அதில் உரிமையாளரின் கொள்ளுத்தாத்தா பெயர், தலைமைத் தச்சரின் பெயர், சட்டம் தூக்க வந்த ஆண்களின் பெயர்கள் இருந்தன. கடைசி வரி, பெண்கள் நல்ல விருந்து படைத்தார்கள் என்றது. அவ்வளவுதான்.

அந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவு வேலை இருந்திருக்கும்? இதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. மேரி எம்மா ஷோவால்டர் 1950இல் வெளியிட்ட மென்னனைட் சமையல் நூலில், பார்ன் எழுப்பும் நாளுக்கான உணவுப் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய கையெழுத்துச் சமையல் ஏடு ஒன்றில் கிடைத்தது. எலுமிச்சைப் பை 115, எண்ணெயில் பொரித்த இனிப்பு அப்பம் 500, பெரிய கேக் 15, கோழி 16, பன்றித்தொடை 3, மாட்டிறைச்சி 50 பவுண்டு, சிறு ரொட்டி 300, பெரிய ரொட்டி 16, ஐந்து காலன் ஜாடி நிறைய உருளைக்கிழங்கு, அதே அளவு சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று பட்டியல் நீள்கிறது. இவ்வளவும் 175 ஆண்களுக்குப் போதும் என்று கணக்கு முடிகிறது.

பலர் இதைப் படித்துவிட்டு அந்தக் காலத்து ஆண்களின் பசியை வியப்பார்கள். நான் அடுப்பை நினைத்தேன். விறகடுப்பின் அறைக்குள் ஒரு தடவைக்கு நான்கு பை வைக்கலாம் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், 115 பைக்கு 29 ஈடு ஆகும். ரொட்டிக்கும் கேக்குக்கும் இறைச்சிக்கும் அதே அடுப்புதான். ஒரு வீட்டு அடுப்பில் இது நடக்காது. எனவே இந்தப் பட்டியல் பல வீட்டு அடுப்புகளின் பட்டியல். எந்த வீட்டில் எது செய்வது, யாரிடம் ஜாடி இருக்கிறது, முதல்நாளே செய்தால் கெடாதது எது என்று யாரோ பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைமைத் தச்சர் மரங்களுக்குச் செய்ததை ஒரு பெண் சமையலுக்குச் செய்திருக்கிறாள். கோழி உரித்தவர்கள், கிழங்கு தோலெடுத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், இடையில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பட்டியலில் இல்லை. சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

அப்போதே இதை எழுதிவைத்த பெண்கள் இல்லாமலில்லை. இங்கிலாந்திலிருந்து இங்கே குடியேறிய சூசன்னா மூடி 1852இல் வெளியிட்ட ‘ரஃபிங் இட் இன் த புஷ்’ நூலில், தங்கள் நிலத்தில் மரம் அகற்றக் கூடிய கூட்டுவேலை பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அழைக்கப்பட்ட ஆண்கள் 32 பேர். அவர்களுக்காக மூடியும் பணிப்பெண்ணும் முந்தைய இரண்டு நாட்களும் சுட்டுக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தார்கள். குடியும் கூச்சலுமாக முடியும் இந்தக் கூட்டுவேலைகளை மூடி வெறுத்தார். கூலிக்கு ஆள் வைப்பதே மேல் என்பது அவர் கட்சி. கூலி மிச்சம் என்று கணவன்மார் போட்ட கணக்கில், அடுக்களைக் கூலி சேர்க்கப்படவில்லை.

கூட்டுவேலை இலவசமும் அல்ல. இன்று நீ வந்தால் நாளை நான் வருவேன் என்ற கடன் அது. மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் மொய் நோட்டிலும் சீர் சுமந்துவந்தவள் ஒருத்தியாக இருப்பாள். எழுதப்படும் பெயர் பெரும்பாலும் அவள் வீட்டு ஆணுடையது. பெண்களுக்கிடையே தனிக் கணக்கு ஒன்று ஓடியதை லாரல் தாட்சர் அல்ரிக் 1990இல் வெளியிட்ட ‘எ மிட்வைஃப்ஸ் டேல்’ காட்டியது. மேய்ன் பகுதியின் மருத்துவச்சி மார்த்தா பல்லார்ட் 1785 முதல் 1812 வரை எழுதிய நாட்குறிப்பே அதன் அடிப்படை. 816 பிரசவங்களைப் பதிவுசெய்த அந்தக் குறிப்புகளை, வெறும் வீட்டு விவரம் என்று முந்தைய வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கியிருந்தார்கள். நூற்பு, நெசவு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று பெண்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய ஒரு பொருளாதாரம் அதற்குள் இருந்தது. ஆண்களின் கணக்கேடுகளில் அதற்குத் தடயம் அரிது.

எண்ணப்படாத உழைப்பு சொத்தாகவும் மாறவில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி மனைவியின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடக்கம். ஒண்டாரியோவில் மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்துக்கொள்ள 1884ஆம் ஆண்டுச் சட்டம்தான் முழுமையாக வழிசெய்தது. விதவைக்கு உரியது கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும். நியூ இங்கிலாந்தின் பழைய பாகப்பிரிவினை ஆவணங்களில் இந்த மூன்றிலொரு பங்கை அங்குலம் அங்குலமாக அளந்து கொடுத்திருப்பார்கள்: வீட்டில் இந்த அறை, கிணற்றுக்குப் போகும் வழி, பார்னில் ஒரு பகுதி. ஊருக்கே சமைத்துப்போட்டு எழுப்பிய கட்டடத்தில், கிழவியான பிறகு அவள் மாடு நிற்க ஒரு மூலை.

‘அக்கம்பக்கத்தார்’ என்ற சொல்லுக்குள்ளேயே இடமில்லாமல் போனவர்களும் உண்டு. இந்தப் பகுதியின் கிராண்ட் ஆற்றின் இரு கரைகளிலும் ஆறாறு மைல் நிலம் 1784இல் ஹாடினோசானி மக்களின் ஆறு தேசங்களுக்கென்று பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்டால் வழங்கப்பட்டது. பிறகு அதன் பெரும்பகுதி அவர்கள் கையைவிட்டுப் போனது. அந்தச் சமூகத்தில் வயலும் விளைச்சலும் பெண்கள் பொறுப்பு, குலம் தாய்வழி. பார்னின் உத்தரங்கள் வெட்டப்பட்ட காடு யாருடையது என்பதும் வரலாற்றுத் தாளில் வர வேண்டிய செய்திதான்.

எனக்கு ஒரு பக்கம்தான் இடம். அந்தப் பக்கத்துக்குப் பெண்களின் பெயர்கள் வேண்டும் என்று கேட்டேன். பெயர் கிடைக்காததை எப்படிப் போடுவது, விருந்து என்று பொதுவாகப் போட்டால் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் தச்சரின் பெயர் தானாகக் கிடைத்ததல்ல, யாரோ எழுதிவைத்ததால் கிடைத்தது என்றேன். உரிமையாளர் அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பாட்டியின் சமையல் குறிப்பேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைக் கொடுத்தவர் பெயர் இருந்தது. பெயர் என்றால் கணவன் பெயர்: திருமதி இன்னார், திருமதி இன்னார். ஊறுகாய்ப் பக்கத்திலும்கூட ஆண்களே நின்றார்கள். தட்டச்சுத் தாளில் இருந்த ஆண்களோடு ஒப்பிட்டபோது பல பெயர்கள் பொருந்தின. தேவாலயப் பதிவேட்டில் குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவு தாயின் சொந்தப் பெயரைச் சொல்லும். அந்த வழியில் சிலரை அவர்கள் பெயரிலேயே மீட்டோம். உரிமையாளர் ஒவ்வொரு பெயரையும் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதில் ஒன்று அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயர். அதுவரை அவருக்கும் தெரியாது.

தாளில் ‘உழைத்தவர்கள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லாரையும் எழுதினேன். சட்டம் தூக்கியவர்கள், சமைத்தவர்கள் என்று இரு பத்திகள், எழுத்தின் அளவு ஒன்றே. சொந்தப் பெயர் கிடைக்காத பெண்களுக்குக் கணவன் பெயரை இட்டு நிரப்பவில்லை. ஆளுக்கொரு கோடாக வெற்றிடம் விட்டேன். நிலத்தின் முந்தைய கதைக்கு மேலே இரண்டு வரி. கோடுகள் அசிங்கமாக இருக்கின்றன என்று ஒருவர் சொன்னார். உரிமையாளர் இருக்கட்டும் என்றுவிட்டார்.

பின்பக்கத்தில் பார்னை இப்போது பிரித்து எழுப்பியவர்களின் பட்டியல் இருக்கிறது. கூரையில் ஏறித் தகடு கழற்றியவர்களில் மூன்று பெண்கள். நான்கு வாரமும் சூப்பும் சாண்ட்விச்சும் செய்தவர்களில் இரண்டு ஆண்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது முழுக்கப் பெண்கள்தான். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.