பொய்யறியும் கருவியின் துல்லியம் அளக்கப்பட்ட வரலாறு

அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஜான் லார்சன் 1921இல் உருவாக்கிய கருவி, விசாரிக்கப்படுபவரின் ரத்த அழுத்தமும் மூச்சும் கேள்விக்குக் கேள்வி மாறுவதைப் புகைக்கரி படிந்த காகிதத்தில் கோடுகளாகக் கீறிக்காட்டியது. அக்கோடுகள் காட்டியது உடலின் பதற்றத்தை மட்டுமே. அதிலிருந்து பொய்யை ஊகித்தவர் சோதனையாளர். இரண்டே ஆண்டுகளில், ஃப்ரை என்பவரின் வழக்கில், உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் நடத்திய ரத்த அழுத்தச் சோதனையை, துறை அறிஞர்களின் பொது ஏற்பைப் பெறவில்லை என்று கூறி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க மறுத்தது.

இத்தகைய சோதனைகளின் துல்லியத்தை அளக்க உதவிய முறை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் திரையில் எதிரி விமானத்தையும் வெற்று இரைச்சலையும் பிரித்தறிய முயன்றவர்களின் தேவையிலிருந்து வளர்ந்தது. 1988இல் உளவியலாளர் ஜான் ஸ்வெட்ஸ், மருத்துவப் படமெடுப்பு, வானிலைக் கணிப்பு, உலோகச் சோதனை, பாலிகிராஃப் எனப்படும் பொய்யறியும் கருவி ஆகிய அனைத்தையும் இம்முறையின் ஒரே குறியீட்டெண்ணால் அளந்து ஒப்பிட்டார்; அதில் 0.5 என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம், 1 என்பது பிழையற்ற நிலை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, தான் ஆராய்ந்தவற்றுள் ஆய்வகத்தில் நடந்த பாலிகிராஃப் ஆய்வுகளின் இடைநிலை மதிப்பை 0.86 என்று கணக்கிட்டது.

எண்ணளவில் இது மருத்துவச் சோதனைகள் பலவற்றுக்கு அருகில் நிற்பதாகத் தோன்றினாலும், இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பெரும்பிழை. பத்தாயிரம் ஊழியரில் பத்துப் பேர் உளவாளிகள் எனக் கொண்டு, அவர்களில் எட்டுப் பேரைப் பிடிக்குமளவு சோதனையைக் கடுமையாக்கினால், குற்றமற்ற ஏறத்தாழ 1,600 பேரும் சேர்ந்தே சிக்குவர் என அவ்வறிக்கையே காட்டியது. மருத்துவத்திலும் அரிய நோயைத் தேடுகையில் இச்சிக்கல் உண்டெனினும், அங்கே சந்தேகத்தைத் திசுப் பரிசோதனை தீர்த்துவைக்கும். பொய்யைத் தனியே உறுதிசெய்யும் அத்தகைய சோதனை ஏதுமில்லை. நடைமுறை வழக்குகளில் பெரும்பாலும் ஒப்புதல் வாக்குமூலமே உரைகல்லாகிறது. அதுவோ, சோதனையில் தோற்றவரைத் துருவி விசாரித்துப் பெறப்படுவது. ஏமாற்றித் தேறியவரை எவரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லையாதலால், அவரது பொய் கருவியின் பிழைக்கணக்கில் ஏறுவதேயில்லை. சோவியத் ஒன்றியத்துக்கு உளவு பார்த்த சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இச்சோதனையில் தேறினார். அத்தேர்ச்சிகள் பொய்யானவை என்பது ஊரறிய வெளிப்பட்டது, 1994இல் அவர் கைதான பின்னரே.